கனாக்காரன்

காலை நேரத்தில் எபனேசருக்கு வந்த அழைப்புகள் எல்லாம் கனவில்தான் தொடங்கின. "தம்பி, நான் ஒரு மாந்தோப்புக்குள்ள நடந்து போறேன், தோப்பு முடியவே மாட்டேங்கு" என்று ஒருவர். "எங்க அம்மா வந்திருந்தா சார், கண்ணாடி வளையல் போட்டிருந்தா" என்று ஒருத்தி. எபனேசர் குறுக்கே பேசமாட்டான். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"வாசனை இருந்துச்சா?"

இல்லை என்றால், அது சாதாரணக் கனவு. நன்றி சொல்லி வைத்துவிடுவான். இருந்தது என்றால், "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்துருங்க" என்பான்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், பழைய பண்டகசாலை ஒன்றை இடித்துக் கட்டிய குடல் மருத்துவமனையின் மாடியில் அந்தக் கனா மையம் இருந்தது. பெருங்குடல் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வருகிற குடும்பத்துக்காரர்கள் ஒரு மாத்திரை விழுங்கியிருந்தார்கள். அதற்குள் இருந்தது மருந்து இல்லை, உயிருள்ள கிருமி. ஆய்வகத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். ஊரில் அதற்குப் பெயர் கனாக்காரன்.

அன்றைக்கு ஒரு கல்யாணப் பேச்சு டாக்டர் நஸ்ரினின் அறைவரை வந்திருந்தது. ஜெனிலா என்கிற பெண்ணும், அவளை மருமகளாக்கப் போகிற அம்மாளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்ல எபனேசரையும் டாக்டர் கூப்பிட்டிருந்தார்.

"இவளுக்கு அந்த மரபணு இருக்குன்னா நோய் கண்டிப்பா வருமா டாக்டர்? அதை மட்டும் சொல்லிருங்க" என்றாள் அந்த அம்மாள்.

"அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாதும்மா. மீனைக் கையில புடிச்சிருப்பீங்க. மேல வழவழன்னு ஒரு படலம் இருக்கும்ல? நம்ம பெருங்குடலுக்கு உள்ளயும் அப்படி ஒண்ணு இருக்கு. கிருமிங்க அதுக்கு மேலதான் குடியிருக்கும். முக்கால்வாசி நல்லதுங்க. சில கெட்டதுங்க மட்டும் ஜோடி சேந்துக்கிட்டு அந்தப் படலத்துக்குள்ள இறங்கிரும். இறங்கி, செல்லுக்குள்ள இருக்கிற மரபணு எழுத்தைக் கடிச்சு வெக்கும். நமக்கெல்லாம் கடிச்சாலும் உடம்பு அதைத் திருத்திக்கும். இந்தப் பொண்ணு குடும்பத்துல அந்தத் திருத்துற வேலையில பிறப்புலயே ஒரு குறை. மரபணு மட்டுமே செய்யிற வேலை இல்ல, கிருமி மட்டுமே செய்யிற வேலையும் இல்ல. ரெண்டும் சந்திக்கணும்."

"சந்திக்க விடாம பாத்துக்கிட முடியாதா?"

"அது நம்ம கையில இல்ல. ஆனா சந்திச்ச உடனே தெரிஞ்சுக்கலாம். அதுக்குத்தான் கனாக்காரன். கெட்டதுங்க படலத்துக்குள்ள இறங்குறதைப் பாத்தா அது ஒரு பொருளை ரத்தத்துல விடும். சிறுநீர் நீலமா மாறும்னுதான் செஞ்சாங்க. அந்தப் பொருள் மூளைக்குள்ளயும் போகும்னு யாரும் நினைக்கல. நீலம் தெரியறதுக்கு எவ்வளவோ முன்னாடியே கனவு வந்திருது. நோய் குடல்ல சின்ன முளையா இருக்கும்போதே எடுத்துரலாம்."

"பயந்து அலறுற கனாவா?"

டாக்டர் எபனேசரைப் பார்த்தார். அவன் சொன்னான்: "இல்லம்மா. நல்ல கனா. அந்த ஆளு எதுக்கு ஏங்குதோ, அது வரும். வாசனையோட வரும்."

அந்த அம்மாள் ஜெனிலாவை ஒருமுறை பார்த்தாள். கெட்ட மனுஷி இல்லை. ஆனாலும் அவள் வாயில் வந்தது இதுதான்: "அப்போ தினமும் இவ எந்திரிச்சதும் என்ன கனா கண்டேன்னு நான் கேக்கணும். மறைக்கக் கூடாது. அப்படித்தானே?"

ஜெனிலா தன் கைவிரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது எபனேசருக்குப் புதிதில்லை. 'கனா வீட்டுப் பெண்கள்' என்றே ஊரில் ஒரு பேச்சு உண்டாகிவிட்டது. அந்தப் பெண்களைக் கட்டிக்கொள்ள முன்பு தயங்கியவர்கள் இப்போது தயங்குவதில்லை. பதிலுக்கு அவர்களுடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுப்படியில் மாமியார் முன்னால் சொல்ல முடியாத கனவை, மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் குசுகுசுவென்று தொலைபேசியில் சொன்ன பெண்கள் எத்தனையோ பேர்.

தன் வீட்டில் அந்தக் கொடுமை இல்லை என்பதில் எபனேசருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவன் மனைவி ஆட்லினும் அப்படிப்பட்ட குடும்பம்தான். அவள் அப்பாவும் அத்தையும் இந்த நோயில்தான் போனார்கள். மையம் தொடங்கிய காலத்திலேயே அவள் மாத்திரை விழுங்கிவிட்டாள். ஆனால் ஒருநாளும் காலையில் அவளிடம் அவன் கனவைக் கேட்டதில்லை. சொல்லவேண்டியது வந்தால் அவளே சொல்லுவாள் என்று இருந்தான்.

உண்மையில் அவன் அவளிடம் எதையுமே கேட்பதில்லை. மதியம்வரை ஊராரின் கனவுகளைக் கேட்டுக் காது நிறைந்து வீட்டுக்கு வருவான். சாப்பிடுவான். மின்விசிறிக்குக் கீழே படுப்பான். மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு அந்த வீட்டில் குக்கர் விசில்தான் அதிகம் பேசியது.

எப்போதும் அவன் இப்படி இருந்தவனில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் துறைமுகத்தில் வயர்லெஸ்ஸில் இருந்தான். உள்ளே வருகிற கப்பல்களோடு பேசுவதுதான் வேலை. பிறகு கப்பல்கள் தாங்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தொடங்கின. மனிதக் குரல் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியவன், பேச்சையும் சேர்த்து மாட்டிவிட்டான். அது அவனுக்கே தெரியவில்லை.

லூர்துசாமி என்று ஒரு பெரியவர், இழுவைப் படகு ஓட்டியவர், நாள்தோறும் கூப்பிடுவார். அவர் கனவில் செத்துப்போன மனைவி படகின் முனையில் உட்கார்ந்து தலையில் தாழம்பூ வாசனையோடு வலை பின்னுவாளாம். முளையை எடுத்தார்கள், கனவு நின்றுவிட்டது.

"எபி தம்பி, இன்னைக்கும் வரல."

"வரலன்னா நல்லதுதானய்யா. குடல் சுத்தமா இருக்குன்னு அர்த்தம்."

"சுத்தத்தை வச்சு நான் என்ன செய்ய?" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கேன். யார்ட்டயும் சொல்லிராத. கறியைக் கருக்கித் தின்னுக்கிட்டு, கீரை கிழங்கு எதையும் தொடாம இருந்தா அந்தக் கெட்டதுங்க திரும்ப வந்துருமாமே? கோயில் வாசல்ல பேசிக்கிடுதாங்க. அதுங்க வந்தா அவளும் வருவால்ல?"

"அய்யா, அப்படியெல்லாம் செஞ்சிராதீங்க. உசுரு போயிரும்."

"உசுரா?" என்று சிரித்தார் பெரியவர். அதைப் பெரிய விஷயமாக அவர் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

போனை வைத்த பிறகும் எபனேசரால் அடுத்த அழைப்பை எடுக்க முடியவில்லை. கருகின கறி. அந்த வாடை கொஞ்ச நாளாக அவன் மூக்கிலேயே இருந்தது. எங்கிருந்து என்று யோசித்தான். அவன் வீட்டு அடுக்களையிலிருந்து.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆட்லின் கேழ்வரகுக் கஞ்சியை நிறுத்திவிட்டாள். வாய்க்குப் பிடிக்கவில்லை என்றாள். உப்புக்கண்டத்தைச் சட்டியில் போட்டுக் கரியாகும்வரை விடுகிறாள். வருஷா வருஷம் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனையை "அடுத்த மாசம் போலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறாள். மத்தியானத்தில் தூங்காதவள், இப்போது சாப்பிட்ட கை காயுமுன்னே பாய் விரிக்கிறாள். அதுவும் எப்படித் தூங்குகிறாள்! முந்தின வாரம் வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தண்ணீர் குடிக்க எழுந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். ஜன்னலின் பச்சை வெளிச்சம் அவள் மேல் குளத்துத் தண்ணீர்போல அசைந்தது. உதட்டில் சிரிப்பு. யாரோ கதை சொல்ல, இவள் கேட்டுக்கொண்டிருப்பதுபோல மெதுவாக முனகினாள். விழித்திருக்கும்போது அவன் அந்த முகத்தைப் பார்த்து வெகுகாலமாகிவிட்டது.

யார் வருகிறார்கள்? செத்துப்போன அப்பாவா? அல்லது அவனுக்குத் தெரியாத யாரோ ஒருவனா? அந்த இரண்டாவது கேள்வி அவனை இருக்கையிலிருந்து எழுப்பியது.

டாக்டர் நஸ்ரினிடம் போய்ச் சொன்னான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க மனுக் குடுத்தா ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வந்துருவேன். சட்டத்துல இடம் இருக்கு. ஆனா கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வந்தவங்க அடுத்த தடவை இன்னும் ஆழமா மறைக்கிறாங்க எபனேசர். வாயால சொன்னவங்கதான் பிழைக்கிறாங்க. நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

"எப்படிக் கேக்கன்னு தெரியல டாக்டர்."

"தினமும் ஊரையே கேக்குறீங்களே."

"அது போன்ல."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. தன் இருக்கைக்குத் திரும்பி, வீட்டு எண்ணை அழுத்தினான்.

"என்ன, சாவியை விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றாள் ஆட்லின்.

"இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டான். "வணக்கம். கனா மையத்துல இருந்து பேசுதேன். கனா ஏதும் வந்துச்சுங்களா?"

எதிர்முனையில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தான்.

"வந்துச்சு சார்" என்றாள்.

அந்த 'சார்' அவனை என்னவோ செய்தது. "சொல்லுங்க. கேக்கேன்."

"ஒரு பழைய பாலம் சார், கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி பால் மாதிரி வெள்ளையா இருக்கும், அலையே இருக்காது. நான் கயித்துச் சுருள் மேல உக்காந்திருப்பேன். தூரத்துல கப்பல்கள் விளக்கைப் போட்டுக்கிட்டு நிக்கும். அது பகலா ராத்திரியான்னு தெரியாது. நேரமே ஆகாது."

"வாசனை இருந்துச்சா?"

"இருக்கும். நனைஞ்ச கயிறு. டீசல். ஆரஞ்சுத் தோல்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "யாராவது வருவாங்களா?"

"ஒருத்தர் வருவாரு. பக்கத்துல உக்காந்து ஆரஞ்சை உரிச்சுக் குடுத்துக்கிட்டே பேசுவாரு. கிரேக்க நாட்டுக் கேப்டன் ஒருத்தன் வயர்லெஸ்ல பாட்டுப் பாடுனது. பர்மாக்காரன் ஒருத்தன் மகள் பிறந்த சேதியை முதல்ல இவர்ட்டதான் சொன்னானாம், அழுதுக்கிட்டே. எல்லாம் சொல்லுவாரு. என்னைச் சிரிக்க வெப்பாரு. ஆட்டுக்குட்டின்னு கூப்பிடுவாரு."

அந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்ட ஆள் உலகத்தில் எபனேசர் ஒருவன்தான்.

"எவ்வளவு காலமா வருது?"

"போன கிறிஸ்மஸ்ல இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எடுத்துருவீங்க சார். எடுத்துட்டா அவரு வர மாட்டாரு." குரல் உடையவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "வீட்டுல ஒருத்தர் இருக்காரு. நல்லவரு. ஆனா பேச மாட்டாரு. இவரும் போயிட்டா நான் யார்கூட இருக்க?"

மணி அடித்துக்கொண்டே இருந்த மற்ற இணைப்புகளை அப்படியே விட்டுவிட்டு எபனேசர் வீட்டுக்குப் போனான்.

ஆட்லின் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். தட்டில் கரித்துண்டுபோலக் கறி கிடந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வந்தவன் முதலில் அந்தக் கறியைத்தான் பார்த்தான். தட்டை எடுத்து ஓரமாக வைத்தான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் உள்ள வாறேன்."

"அவரை விட்டுட்டு வரணுமே அத்தான்."

அவள் அவனை அத்தான் என்று கூப்பிட்டும் பல காலம் ஆகியிருந்தது. அவன் சொன்னான்: "அவர்ட்டச் சொல்லிட்டு வா."

அன்று மத்தியானம் அவள் பாய் விரித்துப் படுத்தாள். எபனேசர் சுவரில் சாய்ந்து பக்கத்திலேயே உட்கார்ந்தான். தன் மனைவி விடைபெற்று வரட்டும் என்று, தன்னைவிட நல்லவனான தன்னிடமே அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தான். மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கடல் பக்கமிருந்து ஒரு கப்பலின் சங்கொலி நீளமாக வந்து தேய்ந்தது. அவள் முகத்தில் வெளிச்சம் ஏறுவதும் வடிவதுமாக இருந்தது. ஒருமுறை கையை நீட்டி எதையோ வாங்கிக்கொண்டாள். இவள் திரும்பி வராமலே போய்விட்டால் என்று ஒரு பயம் வந்தது. எழுப்பிவிடலாமா என்று கை எடுத்தான், எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டான்.

வெயில் சாயும்போது விழித்தாள். கன்னம் நனைந்திருந்தது.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கயித்தை அவுத்து விட்டுட்டாரு. அவரு நின்ன பக்கம் அப்படியே மெதுவாத் தள்ளிப் போச்சு."

மறுநாள் சோதனையில் தெரிந்துவிட்டது. முளைகள் பல. அதில் ஒன்று முளையாக இல்லை. வளர்ந்து வேறாக மாறத் தொடங்கியிருந்தது. கருக்கிய கறியும் நாரில்லாத சாப்பாடும் கெட்ட ஜோடிக்கு விருந்து வைத்திருந்தன. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். வயிற்றோரம் ஒரு பையைப் பொருத்தினார்கள். கொஞ்ச மாதங்களில் எடுத்துவிடலாம் என்றார்கள். நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் பேச்சே இல்லை என்று அறுவைச் சிகிச்சை செய்தவர் சொன்னார்.

அந்த நாட்களில் எபனேசர் பேசினான். முதலில் துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல இருந்தது. ஒரு கப்பலைப் பற்றி ஆரம்பித்தால் பாதியில் கப்பல் பெயர் மறந்துவிடும். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவனே முந்திச் சிரித்துவிடுவான். ஆட்லின் பல சமயம் வலியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். கேட்கிறாளா இல்லையா என்று தெரியாது. ஆனாலும் பேசினான். கனவு அதன்பிறகு வரவில்லை என்று அவளாகவே ஒருநாள் சொன்னாள். வருத்தமாகவா, சும்மாவா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு டாக்டர் நஸ்ரின் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"எபனேசர், வெட்டி எடுத்த குடல்ல எல்லாக் கிருமியையும் பாத்தோம். கெட்டதுங்க ரெண்டும் இருக்கு. கனாக்காரன் இல்ல."

"இல்லன்னா? இப்போ செத்துப் போச்சா?"

"எப்பவோ போயிருச்சு. முதல் மாசம் சோதிச்சப்ப இருந்துச்சு. அதுக்கப்புறம் நாம பாக்கவே இல்ல, கனா வந்தா தெரிஞ்சிரும்னு விட்டுட்டோம். சில பேரு உடம்பு சில கிருமியைக் குடியிருக்க விடாது. அதுவும் மரபணுதான். உங்க வீட்டம்மாவோட குடல்ல அது வேர் பிடிக்கவே இல்ல."

"அப்போ அந்தக் கனா?"

"அது அவங்களோடது. அவங்களே கண்டது."

"வாசனை இருந்துச்சே டாக்டர்."

"இருந்திருக்கும்" என்றார் டாக்டர். ஜன்னல் வழியாகத் துறைமுகத்தின் பக்கம் பார்த்தார். "அவ்வளவு ஏங்கினா வாசனையும் வரும்போல. வெளிய இன்னும் எத்தனை பேரு உடம்புல அது இல்லாம போயிருக்குமோ. அவங்கல்லாம் கனா வரல, நல்லா இருக்கோம்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. நாளையில இருந்து எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுச் சோதிக்கணும். ஊரே என்னைத் திட்டப் போகுது. அது என் பாடு. இதை அவங்கட்ட சொல்றதா வேண்டாமாங்கிறது உங்க பாடு."

வார்டுக்கு நடந்த தூரம் முழுவதும் அவன் யோசித்தான். கனாக்காரன் அனுப்பிய கனவு என்று நம்பித்தான் அவள் அதைக் காப்பாற்றக் கறியைக் கருக்கித் தின்றாள், நோயை வளர்த்துக்கொண்டாள். அது கிருமியின் கனவு என்று இவனும் நம்பியதால்தான் இழுத்துக்கொண்டு வந்தான்; அவள் பிழைத்தாள். இதில் எதை எடுத்து எதோடு வைப்பது?

கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டான்.

ஆட்லின் தலையணையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதோரம் மெல்லச் சிவந்தது.

"அப்போ கிருமியே இல்லாமத்தான் உங்களைக் கனாக் கண்டுக்கிட்டு இருந்தேனா? இந்த வயசுலயா?"

"அப்படித்தான் சொல்லுதாங்க."

"அய்யே" என்று போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டாள். போர்வைக்குள் அவள் தோள் குலுங்கியது. தையல் வலிக்கும் என்று அவன் பதறினான். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போர்வை இறங்கியது. இரண்டும்தான்.

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தொண்டையைச் செருமினான். "மாலத்தீவுக்கு உப்பு ஏத்திட்டுப் போன தோணி ஒண்ணு..."

"இருங்க" என்று அவள் கையைத் தூக்கினாள். "இன்னைக்கு நான் சொல்லுதேன். நீங்க கேளுங்க. நீங்க கேக்காம இருந்த காலத்துல எவ்வளவோ நடந்து போச்சு."

"சொல்லு."

எங்கிருந்து தொடங்குவது என்று அவள் யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்களின் மேல் வெயில் வெள்ளையாகக் கிடந்தது.

"ஒரு மழைக்காலம் பூரா நம்ம மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மேல ஒரு கூழைக்கடா வந்து தங்கியிருந்துச்சு. இம்மாம் பெரிய பறவை. தினமும் அதுக்குச் சாளை மீன் வாங்கிப் போடுவேன்."

"நம்ம வீட்டுலயா?" என்றான் எபனேசர்.

"நம்ம வீட்டுலதான்."